அம்பாசிடருக்கு இன்ஜெக்ஷன்: டேங்க்கிலிருந்து தொடங்குங்கள்

மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் மலை ஏறும்போது, ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் பழைய அம்பாசிடர் இருமத் தொடங்கும். ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் மறுபடி கிளம்பும். அந்தக் காலத்து டிரைவர்கள் டிக்கியில் ஒரு பழைய துண்டும் ஒரு கேன் தண்ணீரும் வைத்திருந்தது இதற்காகத்தான். "ஏர் லாக்" என்பார்கள். உண்மையில் அது காற்று இல்லை. இன்ஜின் சூட்டில் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியான பெட்ரோல்.

என்னிடம் இருப்பது 1984 மார்க் 4. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) குடும்பத்து 1489 சி.சி. இன்ஜின், பெட்ரோலைக் காற்றோடு கலக்க சோலெக்ஸ் கார்பரேட்டர். அதை எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷனுக்கு மாற்ற ஆறு வாரம் போதும் என்று நினைத்தேன். பதினான்கு மாதம் ஆனது. அதில் லேப்டாப் முன் உட்கார்ந்தது பத்து நாள் இருக்கும். மிச்சமெல்லாம் டேங்க், குழாய், ஒயர். இந்தக் கட்டுரையும் ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான் இருக்கும். புதிதாக இறங்குகிறவர்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், ரப்பர் குழாயைப் பார்த்துப் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டியது குழாயைப் பார்த்துத்தான்.

பெட்ரோல் போகும் பாதை

பின்னால் இருக்கும் டேங்க்கிலிருந்து மெல்லிய இரும்புக் குழாய் வழியாகப் பெட்ரோல் முன்னுக்கு வருகிறது. இழுத்து வருவது இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் மெக்கானிக்கல் பம்ப். கேம் ஷாஃப்ட் அதன் நெம்புகோலைத் தட்டத் தட்ட, உள்ளே ஒரு ரப்பர் டயஃப்ரம் ஏறி இறங்கும். அது தரும் அழுத்தம் மூன்று பி.எஸ்.ஐ. அளவுக்குத்தான். சைக்கிள் டியூபில் இருக்கும் காற்றைவிட மிகக் குறைவு. முந்தைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் இதற்குப் பதில் எஸ்.யூ. மின் பம்ப் இருக்கும். சாவி போட்டதும் டிக் டிக் என்று அடித்து, கார்பரேட்டர் நிரம்பியதும் நிதானமாகும்.

கார்பரேட்டருக்குள் முதலில் ப்ளோட் அறை. நம் வீட்டு ஓவர்ஹெட் டேங்க்கில் மிதக்கும் பந்து வால்வு வைத்திருக்கிறோமே, அதே வேலைதான். பெட்ரோல் ஏறினால் ப்ளோட் ஏறி ஊசி வால்வை மூடும், இறங்கினால் திறக்கும். இந்த மட்டம் இரண்டு மில்லிமீட்டர் தவறினாலும் எல்லா ரோடிலும் எல்லா வேகத்திலும் கலவை தவறும்.

அடுத்து வென்சூரி. காற்று போகும் வழியில் ஓர் இடுக்கு. அங்கே காற்றின் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைந்த அழுத்தம் மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சி எடுக்கிறது. ஐடிலிங்கில் காற்று மெதுவாகப் போவதால் வென்சூரி வேலை செய்யாது. அதற்குத் தனியாக ஸ்லோ ஜெட். ஆக்ஸிலேட்டரைத் திடீரென்று மிதித்தால் காற்று உடனே பாயும், பெட்ரோல் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அந்த இடைவெளியை நிரப்ப ஆக்ஸிலேட்டர் பம்ப் ஒரு பீய்ச்சு பீய்ச்சும். குளிர்ந்த இன்ஜினுக்கு சோக். ஒரு சின்ன வார்ப்புக்குள் இத்தனை வேலையையும் ஒரு துளி மின்சாரம் இல்லாமல் முடித்தவர்களை நான் இன்னும் வியக்கிறேன்.

ஆனால் கார்பரேட்டருக்குக் காற்றின் எடை தெரியாது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு லேசு. கார்பரேட்டர் அதைக் கவனிக்காமல் பெட்ரோலைத் தாராளமாக ஊற்றிக்கொண்டே இருக்கும். பிளக் கறுக்கும், பிக்கப் போகும்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், இதற்கு நேரெதிரான தொல்லை. எத்தனால் எரியக் காற்று குறைவாகப் போதும். இ20-க்குச் சரியான விகிதம் 13.5 பக்கம் வருகிறது. அதே ஜெட் வழியாக அது போனால் கலவை எட்டு சதவீதம் போல 'லீன்' ஆகும், அதாவது பெட்ரோல் குறைந்துபோகும். பழைய டயஃப்ரம், பழைய ரப்பர் குழாய், டேங்க் அடியில் உறங்கும் துரு ஆகியவற்றையும் எத்தனால் சும்மா விடாது. பல வருடம் நின்ற வண்டியின் ப்ளோட் அறையை ஒரு முறை திறந்து பாருங்கள். அடியில் வெள்ளையும் பச்சையுமாக, அரிசி மாவைக் கரைத்து ஊற்றிக் காயவிட்டதுபோல ஒரு படலம் இருக்கும். ஈரமும் எத்தனாலும் சேர்ந்து வார்ப்பை அரித்த மிச்சம் அது.

இன்ஜெக்ஷன் என்ன வித்தியாசமாகச் செய்கிறது

உறிஞ்சுவதற்குப் பதிலாகத் தள்ளுகிறது, அவ்வளவுதான். மின் பம்ப் பெட்ரோலை 3 பார், அதாவது ஏறக்குறைய 43 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் வைத்திருக்கும். இன்ஜெக்டர் என்பது மின்காந்தத்தால் திறந்து மூடும் குட்டி வால்வு. சில மில்லி செகண்ட் திறக்கும், மூடும். எத்தனை மில்லி செகண்ட் என்று முடிவு செய்வது இ.சி.யூ. என்ற குட்டிக் கம்ப்யூட்டர். சென்சார்கள் சொல்லும் காற்றழுத்தம், காற்றின் சூடு, தண்ணீரின் சூடு, ஆர்.பி.எம்., ஆக்ஸிலேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது எல்லாவற்றையும் சேர்த்து அது கணக்குப் போடும். மலை ஏறினால் காற்றழுத்தம் குறைந்தது அதற்குத் தெரியும். அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் சீக்கிரம் கொதிக்காது என்பதால் ஈரத்துணிக்கும் வேலை இல்லை.

இது புதிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. மெர்சிடிஸ் 300 எஸ்எல் 1954-லேயே மெக்கானிக்கல் இன்ஜெக்ஷனோடு வந்தது. பாஷ் நிறுவனத்தின் எலக்ட்ரானிக் டி-ஜெட்ரானிக் 1967-ல் ஃபோக்ஸ்வாகன் காரில் ஏறியது. நம் ஊரில் மாருதி 800-க்கு எம்.பி.எஃப்.ஐ. (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர்) வந்தது 2000-ல், புகை விதிகள் இறுகியபோது. அம்பாசிடரே கடைசிக் காலத்தில் இசுசு 1.8 லிட்டர் இன்ஜினில் எம்.பி.எஃப்.ஐ. போட்டுக்கொண்டது. ஆகவே வண்டிக்கு ஏதோ துரோகம் செய்கிறோம் என்ற குற்ற உணர்ச்சி வேண்டாம்.

முதல் படி: மாற்றாமல் இருக்க முடியுமா என்று பாருங்கள்

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. "கார்பரேட்டர் சரியில்லை" என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் கோளாறு வேறு இடத்தில் இருக்கும். தேய்ந்த இக்னிஷன் பாயிண்ட், பலவீனமான கண்டன்ஸர், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டின் பேக்கிங்கில் கசிவு, டிஸ்ட்ரிப்யூட்டரில் வேலை செய்யாத வேக்யூம் அட்வான்ஸ். இவற்றோடு இன்ஜெக்ஷன் போட்டால், பழைய நோய்க்கு மேல் புதிய சட்டை போட்ட கதைதான்.

அதனால் வரிசையாகச் செய்யுங்கள். நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பாருங்கள், அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. டேப்பெட் இடைவெளி சரி செய்யுங்கள். பாயிண்ட், பிளக், டைமிங். ஐடிலிங்கில் மேனிஃபோல்டு ஓரங்களில் கார்பரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள், எங்கே அடிக்கும்போது இன்ஜின் சத்தம் மாறுகிறதோ அங்கே கசிவு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது, தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். த்ராட்டில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுத் தகடு, அதன் ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் எந்த ட்யூனிங்கும் நிற்காது. ஷாஃப்டுக்குப் புது புஷ் போட நல்ல லேத்காரர் போதும்.

இதையெல்லாம் முடித்த பிறகு வண்டி நன்றாக ஓடினால், அப்படியே ஓட்டுங்கள். நிஜமாகத்தான். அதற்கு மேலும் மலை, வெயில், சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதது என்று தொல்லை மிஞ்சினால்தான் அடுத்த படி.

சூடான இன்ஜின் விஷயம் அம்பாசிடரில் விசேஷம். இந்த இன்ஜினில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கத்தில், ஒன்றை ஒன்று ஒட்டி இருக்கின்றன. ஓடும்போது காற்றோட்டம் காப்பாற்றும். பத்து நிமிடம் நிறுத்தினால் கீழிருந்து ஏறும் சூட்டில் ப்ளோட் அறை கொதித்து, மேனிஃபோல்டுக்குள் பெட்ரோல் வழியும். கார்பரேட்டருக்கு அடியில் தடிமனான பேக்லைட் ஸ்பேசர் போட்டாலே இது பாதி குறையும்.

இரண்டாம் படி: எந்த வகை

இங்கேதான் அம்பாசிடர்காரர்கள் தெரிந்தே ஆக வேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர் என்று புது மாருதி மாதிரி வைத்துவிடலாம் என்று தோன்றும். இந்த 1489 இன்ஜினில் முடியாது. நான்கு சிலிண்டருக்கு இரண்டே இன்டேக் வாசல்கள். ஒன்றும் இரண்டும் ஒரு வாசலில், மூன்றும் நான்கும் இன்னொன்றில்.

சிலிண்டர்கள் எரியும் வரிசை, ஃபயரிங் ஆர்டர், 1-3-4-2. அதாவது இரண்டாம் சிலிண்டர் மூச்சிழுத்த கையோடு ஒன்றாம் சிலிண்டர் இழுக்கும், பிறகு நீண்ட இடைவெளி. அந்தப் பக்கம் மூன்று இழுத்ததும் நான்கு. தெருக்குழாயில் இரண்டு வீட்டுக்காரர்கள் தண்ணீர் பிடிக்கிற கதை. இரவெல்லாம் தேங்கிய தண்ணீர் முதலில் குடம் வைத்தவருக்கு. வாசலுக்குப் பக்கத்தில் இன்ஜெக்டர் வைத்து நேரம் பார்க்காமல் அடித்தால், இடைவெளியில் தேங்கிய பெட்ரோலை நடு சிலிண்டர்கள் இரண்டும் மூன்றும் அள்ளிக்கொள்ளும். ஓரத்தில் இருக்கும் ஒன்றும் நான்கும் காய்ந்துபோகும். எக்ஸாஸ்டில் வைத்த சென்சார் சராசரியைப் பார்த்து "எல்லாம் சரி" என்று சொல்லும். ஓர பிஸ்டன்கள் உள்ளே வேகும்.

இதே வாசல் அமைப்புள்ள சின்னத் தம்பி இன்ஜின்தான் பிரிட்டிஷ் மினியில் இருந்தது. அதற்குக் கம்பெனியே 1991-ல் த்ராட்டில் அருகே ஒற்றை இன்ஜெக்டர் வைத்தது. 1996-ல்தான் வாசலுக்கு ஒன்றாக இரண்டு வைத்தார்கள். அந்த நேரக் கணக்கை நாம் வீட்டில் செய்யத் தேவையில்லை. 1991 வழியே நமக்குச் சரி: கார்பரேட்டர் இருந்த அதே இடத்தில் த்ராட்டில் பாடி, அதையொட்டியே இன்ஜெக்டர். பெட்ரோல் காற்றோடு நன்றாகக் கலந்த பிறகே இரண்டு வாசலுக்கும் பிரியும். மேனிஃபோல்டின் அடியில் இருக்கும் எக்ஸாஸ்ட் சூடு, கார்பரேட்டருக்கு எமனாக இருந்தது, இங்கே பெட்ரோலை ஆவியாக்கி உதவும்.

அமெரிக்க வி8-களுக்காக விற்கும் ரெடிமேட் த்ராட்டில் பாடி கிட்களைப் பார்த்து மயங்காதீர்கள். ஐம்பது குதிரைத்திறன் இன்ஜினுக்கு அது கல்யாண அண்டாவில் காபி போடுவது. சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ, ஸ்கிராப்புக்கு வந்த சிறிய எம்.பி.எஃப்.ஐ. காரின் த்ராட்டில் பாடி கிடைக்கும். த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் டி.பி.எஸ். சென்சாரும் ஐடில் வால்வும் அதோடு சேர்ந்தே வரும். கார்பரேட்டர் ஃபிளாஞ்சுக்கும் இதற்கும் நடுவே ஓர் அலுமினிய அடாப்டர் கட்டை லேத்தில் கடையச் சொல்லுங்கள். இன்ஜெக்டர் உட்காரும் ஓட்டையும் அந்தக் கட்டையிலேயே.

இன்ஜெக்டர் அளவுக்கு ஒரு தோராயக் கணக்கு. முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 230 கிராம் பெட்ரோல் என்று வையுங்கள். 50-க்கு 11.5 கிலோ. லிட்டரில் சுமார் 15.5, நிமிடத்துக்கு 260 சி.சி. இன்ஜெக்டர் எண்பது சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதால் 0.8-ஆல் வகுத்தால் 325. ஆக 160 சி.சி. பக்கமாக இரண்டு, அல்லது 325 சி.சி. பக்கமாக ஒன்று. இரண்டு வைப்பது நல்லது, ஐடிலிங்கில் அளவு நிதானமாக இருக்கும். பெரிதாக வாங்கினால் பவர் வரும் என்று கடைக்காரர் சொல்வார். வராது. ஐடிலிங்தான் கெடும்.

மூன்றாம் படி: டேங்க்

கார்பரேட்டர் கொஞ்சம் துருவைப் பொறுத்துக்கொள்ளும். இன்ஜெக்டர் பொறுக்காது. நான் முதலில் டேங்க்கைச் சும்மா அலசிவிட்டு மாட்டினேன். மூன்றாம் வாரம் செங்கல்பட்டு அருகே வண்டி நின்றது. ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் உள்ளே காபி டிகாஷன் மாதிரி மண்டி.

டேங்க்கை முழுசாக இறக்குங்கள். கைப்பிடியளவு நட்டுகளையோ ஒரு சிறிய சங்கிலியையோ உள்ளே போட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். பிறகு எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றி ஓர் இரவு ஊறவிடுங்கள். குத்துவிளக்குக்குப் புளி போடுகிற தத்துவம்தான். மறுநாள் கொட்டி, சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, வெயிலில் உடனே காய வைத்து, கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் மறுபடி துரு பூக்கும்.

ஓட்டை இருந்தால் நீங்களே வெல்டிங் வைக்கப் போகாதீர்கள். காலி டேங்க் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது, உள்ளே நிற்பது முழுக்க ஆவி. அதை முறையாக ஆவி நீக்கிச் செய்கிற டேங்க்–ரேடியேட்டர் பட்டறையில் கொடுங்கள்.

இப்போது இரண்டு மாற்றங்கள். ஒன்று, திரும்பும் குழாய். இன்ஜெக்ஷன் பம்ப் எப்போதும் தேவைக்கு அதிகமாகத் தள்ளும், மிச்சம், அழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் வழியாகத் திரும்ப வேண்டும். இரண்டு, வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை விழுங்காமல் இருக்க ஏற்பாடு. புது கார்களில் பம்ப் டேங்க்குக்குள்ளேயே ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். அப்படிச் செய்ய டேங்க்கை வெட்ட வேண்டும், அதுவே சிறந்த வழி, சத்தமும் இருக்காது. எனக்கு வெட்ட மனசு வரவில்லை. ஒன்றரை லிட்டர் இடைக்கலயம் ஒன்று செய்து, சிறிய குறைந்த அழுத்த மின் பம்ப் டேங்க்கிலிருந்து அதை நிரப்ப, பெரிய பம்ப் அதிலிருந்து இழுக்கும்படி வைத்தேன். ரெகுலேட்டரிலிருந்து திரும்புவது கலயத்துக்கு, கலயத்தில் நிரம்பி வழிவது டேங்க்குக்கு. எல்லாம் பின் அச்சுக்கு முன்னால், தரைத் தகட்டுக்கு வெளியே, சைலன்ஸர் குழாய்க்கு எதிர்ப் பக்கத்தில். பயணிகள் உட்காரும் பகுதிக்குள் இது எதுவும் வரக் கூடாது. பழைய மெக்கானிக்கல் பம்ப்பைக் கழற்றி, அந்த ஓட்டையை ஒரு தகடும் பேக்கிங்கும் வைத்து மூடிவிடுங்கள்.

டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று சத்தம் வந்தால் அடைப்பு.

நான்காம் படி: குழாய்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் இருக்கிறது. மூன்று பி.எஸ்.ஐ.-யில் கசிந்தால் சொட்டும். நாற்பதில் கசிந்தால் பனிமூட்டம்.

ஹோஸ் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஆர்6, ஆர்7 என்றால் அது கார்பரேட்டருக்கானது. எனக்கு ஒரு கடையில் எழுத்தே இல்லாத ஹோஸைக் கொடுத்து, "இன்ஜெக்ஷன் ஹோஸ்தான் சார், எல்லாரும் இதான் போடுறாங்க" என்றார்கள். நானும் போட்டேன். நான்காம் மாதம் கிண்டி சிக்னலில் பெட்ரோல் வாசனை. பானெட்டைத் திறந்தால், பூக்காரம்மா பூவுக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல, ஹோஸின் ஒரு மயிரிழை வெடிப்பிலிருந்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கமாகத் தெளித்துக்கொண்டிருந்தது. சாவியை அணைத்தேன். கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. பற்றிக்கொள்ளாதது என் திறமை இல்லை.

பின்னாலிருந்து முன்வரை இரும்புக் குழாய், இரு முனைகளில் மட்டும் குட்டையாக ஆர்9 ஹோஸ். குழாயின் முனை மழுமழுவென்று இருக்கக் கூடாது, ஹோஸ் நழுவாமல் இருக்க விளிம்பு புடைத்திருக்க வேண்டும். சாதாரண பல் கிளாம்ப் ஹோஸை அறுக்கும். உள்பக்கம் வழுவழுப்பான இன்ஜெக்ஷன் கிளாம்ப் கேட்டு வாங்குங்கள். பம்ப்புக்கு முன் ஒரு சல்லடை ஃபில்டர், பின் ஓர் இரும்புக் கூடு ஃபில்டர். கார்பரேட்டர் காலத்துக் கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் ஃபில்டர் அழுத்தப் பக்கத்தில் வரவே கூடாது.

ரெகுலேட்டரில் இருக்கும் வேக்யூம் முனையைப் பற்றி ஒரு குறிப்பு: இன்ஜெக்டர் த்ராட்டில் தகட்டுக்குக் கீழே இருந்தால் அதை மேனிஃபோல்டோடு இணையுங்கள். மேலே இருந்தால் காற்றுக்குத் திறந்து விடுங்கள்.

ஐந்தாம் படி: மின்சாரம்

பழைய பிரிட்டிஷ் ரத்தமுள்ள வண்டிகளில் மொத்தமே இரண்டு ஃபியூஸ் இருக்கலாம். அந்த ஒயரிங்கில் எதையும் சேர்க்காதீர்கள். பேட்டரியிலிருந்து நேரடியாக ஒரு புதிய லைன், புதிய ஃபியூஸ் பெட்டி, இ.சி.யூ.வுக்கு ஒரு ரிலே, பம்ப்புக்கு ஒரு ரிலே. டைனமோ வண்டியாக இருந்தால் முதலில் ஆல்டர்னேட்டர் போடுங்கள். ஐடிலிங்கில் டைனமோ கொடுப்பது ஹெட்லைட்டுக்கே போதாது, பம்ப்புக்கு எங்கே போக?

பம்ப் ரிலேவை இ.சி.யூ. ஓட்ட வேண்டும். இன்ஜின் சுற்றாவிட்டால் இரண்டு செகண்டில் பம்ப் நிற்கும். அதோடு மோதினால் துண்டிக்கும் இனெர்ஷியா ஸ்விட்ச் ஒன்று. இந்த இரண்டும் இல்லாமல் சாவியிலிருந்து நேராகப் பம்ப்புக்கு ஒயர் இழுத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். விபத்தில் குழாய் அறுந்தால் அந்தப் பம்ப் டேங்க் தீரும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும்.

எர்த். என் பதினான்கு மாதத்தில் இரண்டு மாதம் இதிலேயே போனது. சென்சார்களின் எர்த் எல்லாம் இ.சி.யூ.வுக்கே திரும்ப வேண்டும், பாடியில் ஆங்காங்கே திருகக் கூடாது. இ.சி.யூ.வின் எர்த் இன்ஜின் பிளாக்கில் ஒரே இடத்தில். இன்ஜினிலிருந்து பாடிக்கும் பேட்டரிக்கும் தடிமனான புதுப் பட்டை. ஹாரன் அடித்தால் இன்ஜின் ஆர்.பி.எம். மாறுகிறதா? எர்த்தைப் பாருங்கள். இன்டிகேட்டர் போட்டால் தண்ணீர்ச் சூடு ஐந்து டிகிரி ஏறி இறங்குகிறதா? எர்த்.

ஆறாம் படி: சென்சார், மூளை

ஸ்பீடுயினோ, மெகாஸ்க்வர்ட் என்று வீட்டில் செய்கிறவர்களுக்கான இ.சி.யூ.க்கள் இருக்கின்றன. ஸ்பீடுயினோ திறந்த மென்பொருள், அர்டுயினோ போர்டின் மேல் ஓடுவது. கற்றுக்கொள்ள நல்லது. பொறுமை இல்லாதவர்கள் ரெடிமேட் வாங்கலாம். எதை வாங்கினாலும் ஒன்றைக் கடைப்பிடியுங்கள்: முதலில் பெட்ரோலை மட்டும் இ.சி.யூ.விடம் கொடுங்கள். இக்னிஷன் பழைய டிஸ்ட்ரிப்யூட்டரிலேயே இருக்கட்டும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால், ஸ்டார்ட் ஆகாதபோது எதைச் சந்தேகிப்பது?

ஆர்.பி.எம். சிக்னலைக் காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து எடுக்கலாம். பாயிண்டுகள் துள்ளினால் இ.சி.யூ. ஒன்றை இரண்டாக எண்ணும் என்பதால், பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் போடுங்கள். பின்னால் இக்னிஷனையும் மாற்றும்போது கிராங்க் புல்லியில் 36 பல்லில் ஒன்று குறைந்த சக்கரமும், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் ஹால் சென்சாரும் வரும்.

தண்ணீர்ச் சூட்டுக்கு டாஷ்போர்டு மீட்டரின் சென்சாரை நம்பாதீர்கள், தனியாக ஒன்று போடுங்கள். வாங்கியதும் மல்ட்டிமீட்டரில் சோதியுங்கள். பாஷ் வகையில் 20 டிகிரியில் 2,500 ஓம், கொதிக்கும் நீரில் 190 ஓம் பக்கம் காட்டும். நம் ஊரில் 20 டிகிரிக்கு எங்கே போவது? 30 டிகிரி அறையில் 1,700 காட்டினால் சரி. காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்கான குழாயை மேனிஃபோல்டின் பொது அறையிலிருந்து எடுங்கள், ஏதோ ஒரு கிளையிலிருந்து அல்ல. எக்ஸாஸ்டில் கலவையை அளக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார், கிளைகள் எல்லாம் சேர்ந்த பிறகு, தண்ணீர் தேங்காதபடி சற்றே மேல்நோக்கிச் சாய்த்து.

ஏழாம் படி: முதல் ஸ்டார்ட்

தீயணைப்பானைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டாவது ஆள் ஒருவர் இருக்கட்டும். இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றிவிட்டு, பம்ப்பை மட்டும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைக் காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். கண்ணைவிடக் காகிதம் நேர்மையானது. நிறுத்திய பிறகு கேஜில் அழுத்தம் சட்டென்று விழுகிறதா என்றும் பாருங்கள்.

பிறகுதான் ஸ்டார்ட். கிராங்க் செய்யும்போது லேப்டாப்பில் ஆர்.பி.எம். 200 பக்கம் நிலையாக வர வேண்டும். வராவிட்டால் வேறு எதையும் தொடாதீர்கள், சிக்னலைச் சரி செய்யுங்கள். இ.சி.யூ.வின் ஆரம்பப் பெட்ரோல் அட்டவணையைக் கொஞ்சம் ரிச்சாகவே, அதாவது பெட்ரோல் கூடுதலாகவே வையுங்கள். ரிச்சான இன்ஜின் புகைவிடும், லீனான இன்ஜின் பிஸ்டனைத் தின்னும்.

ட்யூனிங்கில் காற்று–பெட்ரோல் விகித எண்ணுக்குப் பதில் லாம்டாவைப் பாருங்கள். பங்க்கில் எத்தனை சதவீத எத்தனால் ஊற்றினாலும் லாம்டா 1 என்றால் சரியான கலவை, குறைந்தால் ரிச், கூடினால் லீன். ஐடிலிங்கில் 0.92 முதல் 0.95, சமவெளியில் சீராகப் போகும்போது 1 பக்கம், முழு மிதியில் 0.86. விடியற்காலை காலியான ரோடில், ஓட்டுவது ஒருவர், லேப்டாப் பார்ப்பது இன்னொருவர். ஓட்டிக்கொண்டே மடியில் லேப்டாப் வைக்கிற வீரர்களுக்கு இந்தக் கட்டுரை இல்லை. முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். ஒன்றும் நான்கும் வெளுத்து, இரண்டும் மூன்றும் கறுத்திருந்தால் நான் சொன்ன குடச் சண்டை உள்ளே நடக்கிறது. இன்ஜெக்டரை இன்னும் மேலே தள்ளுங்கள்.

என் வண்டி லிட்டருக்கு ஒன்பதிலிருந்து பதினொன்றுக்கு வந்தது. அதற்காக யாரும் மாற்ற வேண்டாம், செலவு ஈடாகவே ஆகாது. காலையில் ஒரே சாவியில் கிளம்புவதும், டீக்கு நிறுத்திய பிறகு மறுபடி கிளம்புவதும்தான் லாபம்.

காகித விஷயங்கள்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்தோடு வண்டி முரண்படக் கூடாது என்கிறது. அதே இன்ஜின், அதே பெட்ரோல் என்றால் இன்ஜின் நம்பர் மாறுவதில்லை. ஆனாலும் வேலை தொடங்கும் முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்ஷூரன்ஸுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். புகைச் சான்றிதழில் பழைய பெட்ரோல் கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம். நன்றாக ட்யூன் செய்த இன்ஜெக்ஷன் வண்டி அதில் பாதிகூடத் தொடாது.

ஐம்பது வயது தாண்டிய வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் நிதானிக்க வேண்டும். 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதி, இன்ஜினிலும் பாடியிலும் பெரிய மாற்றமில்லாமல் மூல வடிவில் இருக்கும் வண்டிக்குத்தான். அந்தப் பதிவு வேண்டுமென்றால் கார்பரேட்டரைத் தொடாதீர்கள். மற்றவர்களும், கழற்றிய கார்பரேட்டர், பம்ப், ஏர் ஃபில்டர் அத்தனையையும் எண்ணெய் தடவிப் பெட்டியில் வையுங்கள். மேனிஃபோல்டில் வெட்டாமல், கட்டை வைத்து மாட்டச் சொன்னதும் இதற்காகத்தான். ஒரு நாள் வேலையில் பழையபடி திருப்பிவிடலாம்.

கடைசியாக, நீங்கள் போட்ட ஒயரிங்கை ஒரே பக்கத்தில் கையால் வரைந்து, எந்த நிற ஒயர் எங்கே போகிறது, எந்த ரிலே எதற்கு என்று எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு டாஷ்போர்டு அறையில் வையுங்கள். கூடவே ஒரு உதிரி ரிலே, நான்கு ஃபியூஸ், ஒரு முழம் ஆர்9 ஹோஸ், இரண்டு கிளாம்ப். திண்டிவனத்தில் ராத்திரி பத்து மணிக்கு உங்கள் பானெட்டைத் திறக்கிற மெக்கானிக் அண்ணனுக்கு இந்த வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேறு வழியில்லை.